இரண்டாம் புத்தாண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு வந்து ஓராண்டாகிறது. இங்கே ஜனவரி 1-ஐ விட 2-ஆம் தேதிதான் அமர்க்களப்படுகிறது. சட்டப்படி அன்று விடுமுறை இல்லை. ஆனாலும் என் அலுவலகத்தில் பாதிப் பேர் வரவில்லை. தெருவில் போய்ப் பார்த்தால், பளபளக்கும் சாட்டின் உடையும் கையில் சிறுகுடையுமாக, முகத்தில் வண்ணம் பூசிய ஆயிரக்கணக்கானோர் பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியை இசைத்து ஆடிச் செல்கிறார்கள். அமெரிக்க வெள்ளையர்கள் கறுப்பர்களைக் கேலி செய்யப் போட்ட வேடத்திலிருந்து வந்த முகப்பூச்சு அது என்று அறிந்ததிலிருந்து மனம் உறுத்துகிறது. தம்மைப் போன்றோரை இழிவுபடுத்திய வேடத்தைத் தாமே அணிந்து கொண்டாடலாமா?

எம்., கேப் டவுன்

அன்புள்ள எம்.,

நீங்கள் கண்டது 'ட்வீடெ நூவெ யார்'. ஆப்பிரிகான்ஸ் மொழியில் இரண்டாம் புத்தாண்டு என்று பொருள். எசமானர் வீட்டுப் புத்தாண்டு விருந்துக்குச் சமைத்து, பரிமாறி, எச்சில் தட்டுகளையும் கழுவி முடித்த அடிமைகளுக்கு மறுநாள்தான் ஓய்வு கிடைத்தது என்று கேப் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1652-இல் அங்கே காலூன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார் ஆகிய இடங்களிலிருந்தும், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்ததும் அதே கம்பெனிதான். சொந்தப் பெயரை இழந்த பலருக்கு மாதத்தின் பெயரையே சூட்டினார்கள். உங்கள் அலுவலகத் தொலைபேசிப் பட்டியலில் 'செப்டெம்பர்', 'பெப்ருவாரி' என்ற குடும்பப் பெயர்கள் உண்டா என்று தேடிப் பாருங்கள். 1834 டிசம்பர் 1 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோதும், தொழில் பயிற்சி என்ற பெயரில் 1838 வரை அதே எசமானரிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது.

உங்கள் உறுத்தல் நியாயமானதே. 1860-களில் கேப் டவுன் மேடைகளில் கரி பூசி ஆடியவர்கள் வெள்ளையர்கள். ஆனால் 1890-இல் ஆர்ஃபியஸ் மெக்காடூவின் குழு வந்தபோது, அடிமைகளின் வழிவந்த கறுப்பு அமெரிக்கர்களே தங்கள் பாடல்களை மேடையேற்றினார்கள். கேப் மக்கள் அவர்களிடம் தங்களையே கண்டிருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். கடன்வாங்கிய வேடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் 'கூமா' என்ற மத்தளத்தை விட்டுவிடாதீர்கள். சிறிய மது பீப்பாயின் ஒரு பக்கத்தில் தோல் இழுத்துக் கட்டிக் கையால் அடிப்பார்கள். திராட்சைத் தோட்டங்களில் உழைத்தவர்கள், எசமானரின் பீப்பாயைத் தாளமாக்கிக்கொண்டார்கள். எனக்கு அந்த முகப்பூச்சைவிட இந்தப் பீப்பாய்தான் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்று. இந்த ஆட்டக்காரர்களின் பழைய இருப்பிடங்களுள் முதன்மையான டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், 1966-இல் நிறவெறி அரசால் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 60,000-க்கும் மேற்பட்டோர் நகருக்கு வெளியே உள்ள மணற்சமவெளிக்குத் துரத்தப்பட்டார்கள். அந்தச் சமவெளியிலிருந்து பேருந்துகளில் வந்து இறங்கி, அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் நகரத்தின் நடுத்தெருவை ஒருநாள் முழுக்கத் தமதாக்கிக்கொள்கிறார்கள். வேடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை டிசம்பர் 31 இரவே போ-காப் பகுதிக்குப் போய்விடுங்கள். அந்த அடிமைகளின் வழிவந்த, 'கேப் மலாய்' எனப்படும் மக்களின் பாடகர் குழுக்கள் தெருத்தெருவாகப் பாடிவரும். அவர்களுக்காக வீடுகளில் மேசை போட்டுப் பலகாரம் வைத்திருப்பார்கள். அதில் சமூசாவும் இருக்கும்.