லினக்ஸ் கேள்வி–பதில்: லாகின் திரை வர ஏன் இத்தனை நேரம்?

கேள்வி: என் லேப்டாப்பில் இன்டெல், என்விடியா என்று இரண்டு கிராஃபிக்ஸ் சிப்புகள் இருக்கின்றன. உபுண்டு போட்ட நாளிலிருந்து லாகின் திரை வருவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் கறுப்புத் திரையில் ‘நூவோ’ என்று தொடங்கி ‘டைம்அவுட்’ என்று முடியும் வரிகள் வருகின்றன. உள்ளே போய்விட்டால் எல்லாம் வேகமாகத்தான் இருக்கிறது. எஸ்எஸ்டியை மாற்றிவிடு என்கிறான் நண்பன். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே போனதும் வேகமாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டிஸ்க் தளர்ந்திருந்தால் பிரவுசர் திறக்கும்போதும் ஃபைல் காப்பி செய்யும்போதும் அது தெரிந்திருக்கும். தாமதம் எந்த இடத்தில் என்று முதலில் அளந்துவிடுவோம்.

டெர்மினலில் ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ கட்டளையைக் கொடுங்கள். ஃபர்ம்வேர் (சாதனங்களை இயக்கும் அடிப்படை மென்பொருள்), பூட்லோடர் (லினக்ஸை ஏற்றிவிடும் நிரல்), கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி), யூசர்ஸ்பேஸ் (அதற்கு மேல் ஓடும் மற்ற நிரல்கள்) ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி போயிற்று என்று ஒரே வரியில் சொல்லிவிடும். பலர் இதைத் தாண்டி நேராக, எந்தச் சேவை எத்தனை நேரம் எடுத்தது என்று காட்டும் ‘பிளேம்’ பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். அதன் உச்சியில் அடிக்கடி ‘பிளைமவுத்-குவிட்-வெயிட்’ நிற்கும். அதை நிறுத்திவிட்டேன், ஒன்றும் மாறவில்லை என்று கடிதங்கள் வருகின்றன. லோகோ திரை விலகி லாகின் திரை வரும்வரை காத்திருப்பது மட்டுமே அதன் வேலை. வேறு யாரோ செய்த தாமதம் அதன் கணக்கில் ஏறியிருக்கிறது.

அப்புறம் சூடோ (நிர்வாகி உரிமை) சேர்த்து, கர்னலின் பதிவைக் காட்டும் ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளை. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். கர்னல் ஓடத் தொடங்கியதிலிருந்து கடந்த நொடிகள் அவை. வரிகளை இப்போது படிக்க வேண்டாம். எண்களை மட்டும் மேலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். 4.2, 4.3, 4.3 என்று போய்க்கொண்டிருப்பது திடீரென்று 64 என்று தாவுகிறதா? தாவலுக்கு முந்தைய வரியையும் அடுத்த வரியையும் மட்டும் படியுங்கள். சிவப்பாக இருக்கும் வரியெல்லாம் குற்றவாளி என்று எடுத்துக்கொண்டால் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நீங்கள் சொல்லும் மூன்று நிமிடமே நல்ல துப்பு. லேப்டாப் எழும்போது ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய டிரைவரை ஏற்றும் வேலை யூடெவுக்கு. ஒரு டிரைவர் மாட்டிக்கொண்டால், 60 நொடி ஆனதும் ‘நேரமாகிறது’ என்று அது பதிவில் எழுதும். 180 நொடி ஆனதும் அந்த வேலையை நிறுத்தப் பார்க்கும். ‘நூவோ’ வரிக்கு அருகே யூடெவின் இந்த எச்சரிக்கையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நூவோ என்பது, பெரும்பகுதி, என்விடியாவின் ஆவணங்கள் இல்லாமல் சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்துத் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர். 2010-இல் வெளியான 2.6.33 கர்னலில் சேர்ந்தது. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 2014-இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் சிப்புகளிலிருந்து, நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே சிப் ஏற்கும் என்றாகிவிட்டது. அதனால் புதிய சிப்பும் பழைய கர்னலும் சேர்ந்த லேப்டாப்பில் நூவோ சிப்பைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடக்கும். இரட்டை கிராஃபிக்ஸ் லேப்டாப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் மிச்சப்படுத்த இரண்டாவது சிப்பைத் தூங்க வைத்து எழுப்ப வேண்டியிருக்கிறது. எழுப்பும் முறையைச் சொல்லித்தரும் ஃபர்ம்வேர் அட்டவணை பல லேப்டாப்புகளில் விண்டோஸை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

உறுதி செய்துகொள்ள ஆபத்தில்லாத ஒரு சோதனை: லேப்டாப் எழும்போது எஸ்கேப் விசையைத் தட்டி க்ரப் (உபுண்டுவின் பூட்லோடர்) பட்டியலை வரவழையுங்கள். உபுண்டு வரியில் நின்று ‘இ’ எழுத்தை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு ‘நூவோ.மோட்செட்=0’ என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். நூவோவை ஒதுக்கிவைக்கும் இது இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். அடுத்த முறை பழையபடி எழும். பெரும்பாலான இரட்டை கிராஃபிக்ஸ் லேப்டாப்புகளில் திரை இன்டெல் சிப்போடு இணைந்திருப்பதால் காட்சி போய்விடாது. மூன்று நிமிடம் அரை நிமிடமாகக் குறைந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

நிரந்தரத் தீர்வு, ‘கூடுதல் டிரைவர்கள்’ பகுதியில் உபுண்டு பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரைப் போடுவது. நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போடாதீர்கள். அப்படிப் போட்டது டிஸ்ட்ரோவின் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை) அப்டேட்டோடு சேர்ந்து வராது, கர்னல் மாறும்போது தொல்லை. செக்யூர் பூட் (கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் எழ விடும் பாதுகாப்பு) இயங்கினால், போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த முறை எழும்போது நீலத் திரையில், டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதியச் சொல்லி ‘என்ரோல் மோக்’ என்று வரும். அவசரத்தில் அதைத் தவிர்த்துவிட்டால் கர்னல் அந்த டிரைவரை ஏற்காது, நீங்களும் டிரைவர் சரியில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

என்விடியா சிப்பே தேவையில்லை என்றால் நூவோவைத் தடைப்பட்டியலில் போடலாம். ஆனால் தூங்க வைக்க ஆளில்லாமல் அந்தச் சிப் விழித்தே இருந்து பேட்டரியைத் தின்னக்கூடும். சில லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ துளை அந்தச் சிப்போடுதான் இணைந்திருக்கும். வெளித் திரை வராது. இதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எனக்கும் இதே தொல்லை இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று க்ரப்பில் ‘நோமோட்செட்’ போட்டேன். இப்போது சட்டென்று எழுகிறது. ஆனால் பிரைட்னஸ் விசைகள் வேலை செய்யவில்லை, வீடியோ திணறுகிறது, ஃபேன் ஓயவே இல்லை. இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 2009-இல் 2.6.29 கர்னலில் இன்டெல் சிப்புகளுக்குத் தொடங்கி, திரையின் அளவையும் நிறத்தையும் அமைக்கும் பொறுப்பு கர்னலுக்கே வந்தது. ‘நோமோட்செட்’ போட்டால் எல்லா கிராஃபிக்ஸ் டிரைவர்களையும் அந்தப் பொறுப்பிலிருந்து ஒதுங்கச் சொல்கிறீர்கள். மிஞ்சுவது ஃபர்ம்வேர் கொடுத்த எளிய திரை மட்டும். ஒவ்வொரு புள்ளியையும் சிபியு கணக்கிட்டு வரைய வேண்டும். ஃபேன் ஓடுவது அதனால்தான். லேப்டாப்பை மூடித் திறந்தால் திரை வராமல் போகவும் வாய்ப்புண்டு. பல் வலிக்கு மரத்துப்போகும் ஊசி போட்டதும் வலி நின்றது என்று அப்படியே வீடு திரும்புவது போன்றது இது. லாகின் திரையே வராதவர்கள் உள்ளே நுழைய அருமையான வழிதான், மறுக்கவில்லை. உங்களுக்கு அந்த வேலை முடிந்துவிட்டது. க்ரப் அமைப்புக் கோப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு ‘அப்டேட்-க்ரப்’ கொடுங்கள். பிறகு தொல்லை தரும் ஒரே டிரைவரை மட்டும் குறிவைக்கும் அளவுருவைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும் உள்ள லேப்டாப். எழும்போது ‘சிபியு பைப் ஏ ஃபிஃபோ அண்டர்ரன்’ என்று ஐ915 (இன்டெல் டிரைவர்) பிழை காட்டிவிட்டு ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கிறது. போன மாதம் பக்கத்தில் இன்னொரு டிஸ்ட்ரோ போட்டேன், அதற்குப் பிறகுதான் இப்படி. கர்னலை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

பதில்: அந்தப் பிழை வரியை மறந்துவிடுங்கள். திரைக்குப் போகவேண்டிய தரவு ஒரு கணம் பிந்தியது என்பதுதான் அதன் பொருள். மிஞ்சிப்போனால் ஒரு சிமிட்டல். அதற்குப் பிறகு எதுவும் அச்சாகாததால் திரையில் கடைசியாக நின்று, பழியைச் சுமக்கிறது.

ஒன்றரை நிமிடம் என்றால் 90 நொடி. லினக்ஸின் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி ஒரு சாதனத்துக்காகக் காத்திருக்கும் இயல்பான கெடு அதே 90 நொடி. இரண்டாவது டிஸ்ட்ரோ போடும்போது அதன் இன்ஸ்டாலர் உங்கள் ஸ்வாப் பகுதியை (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) மறுபடி ஃபார்மட் செய்திருக்கும், அதன் அடையாள எண்ணான யுயுஐடி மாறியிருக்கும். பழைய டிஸ்ட்ரோவில் டிஸ்க் பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பு இன்னும் பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறது. ‘பிஎல்கேஐடி’ கட்டளை காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். உபுண்டு, டெபியன் வகை என்றால் இனிட்ராம்எஃப்எஸ் (எழும்போது முதலில் ஏறும் சிறு தற்காலிகக் கோப்புத் தொகுதி) அமைப்பில் ‘ரெஸ்யூம்’ என்றொரு கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிலும் பழைய எண் இருந்தால் திருத்திவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே தனியாக ஒரு காத்திருப்பு மிஞ்சும்.

கேள்வி: என்விடியா டிரைவர் போட்டு எல்லாம் சரியாக இருந்தது. நேற்று கர்னல் அப்டேட் ஆனதும் பழைய தாமதம் திரும்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா?

பதில்: தேவையில்லை. க்ரப்பின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்புங்கள். அதில் சரியாக இருந்தால், புதிய கர்னலுக்கு என்விடியா மாட்யூல் (கர்னலோடு சேரும் டிரைவர் துண்டு) உருவாகவில்லை, அந்த இடத்துக்கு நூவோ வந்திருக்கலாம் என்று பொருள். மாட்யூல், ஒவ்வொரு கர்னலுக்கும் அதைத் தொகுத்துத் தரும் டிகேஎம்எஸ் வழியாக உருவாவதென்றால் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ கட்டளையில் புதிய கர்னலின் எண் இருக்காது. அந்தக் கர்னலுக்குரிய ஹெடர்ஸ் பேக்கேஜ் (மாட்யூலைத் தொகுக்கத் தேவையான கோப்புகள்) விடுபட்டிருப்பதே வழக்கமான காரணம். அதைப் போட்டுவிட்டு ‘டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’ கொடுங்கள். புதிய கர்னல் ஒழுங்காக எழும்வரை பழையதை நீக்காதீர்கள்.

கேள்வி: ஏஎம்டி கிராஃபிக்ஸ், டெபியன் 11-இலிருந்து 12-க்கு மாறினேன். ‘ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை’ என்று வருகிறது.

பதில்: 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் ஃபர்ம்வேர்களை ‘நான்-ஃப்ரீ’ பிரிவிலிருந்து பிரித்து, ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பிரிவில் வைத்துவிட்டார்கள். புதிதாகப் போடுபவர்களுக்கு இன்ஸ்டாலரே பார்த்துக்கொள்ளும். அப்கிரேட் செய்தவர்கள், பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் ‘சோர்சஸ்’ கோப்பில் அந்தப் பிரிவைத் தாங்களே சேர்க்க வேண்டும். சேர்த்து, ‘ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ்’ பேக்கேஜைப் போட்டுவிட்டு மறுபடி எழுப்பிப் பாருங்கள். பிழை வரி போன பிறகும் தாமதம் இருந்தால், டிஎம்இஎஸ்ஜியில் எண் தாவும் இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.