தங்கையின் திருமணம் முடியும்வரை காத்திருக்கலாமா?

உங்களுக்கு 27 வயது என்றும், நீங்கள் திருநம்பி (பிறப்பில் பெண்ணாகக் கருதப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்றும், தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதாலும் வீட்டுக் கடன் உங்கள் சம்பளத்தில் அடைவதாலும் ஹார்மோன் சிகிச்சையை எப்போது தொடங்குவது என்று முடிவெடுக்க இயலவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே காரணங்களுக்காக 27 வயதிலிருந்து 33 வயதுவரை காத்திருந்தவன் நான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மதுரையில் எங்கள் வீட்டில் நான் மூத்த பிள்ளை. தங்கையின் திருமணம் முடிந்தவுடன் மருத்துவரைப் பார்ப்பது என்று எனக்குள் ஒரு தவணை வைத்துக்கொண்டேன். திருமணத்தன்று பட்டுச்சேலை கட்டி, மண்டப வாசலில் பன்னீர்ச் செம்புடன் நின்று, வந்தவர்கள் எல்லாரும் "அடுத்தது உனக்குத்தான்" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். அன்றே முடிந்திருக்க வேண்டிய காத்திருப்பு, புகுந்த வீட்டில் அவள் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று வளைகாப்புவரை நீண்டது. பிறகு குழந்தையின் காதுகுத்துவரை நீண்டது. அதற்குள் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை வந்தது. ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான். ஆனால் ஒன்று விலகியதும் அடுத்தது அதே இடத்தில் வந்து அமர்ந்தபோதுதான், நான் எந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை என்று உணர்ந்தேன்.

இதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அந்த ஆறு ஆண்டுகளில் தங்கையின் மீது எனக்கு ஒரு கசப்பு வளர்ந்திருந்தது. அவள் தொலைபேசியில் அழைத்தால் எடுக்க மனம் வராது. கடைசியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காமலே என் கல்யாணத்தை உன் கணக்குல ஏன் எழுதின?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒருவருக்காகக் காத்திருக்கிறோம் என்பதை அவருக்குத் தெரிவிக்காமலே காத்திருந்தால், அவர் அறியாமலே அவரை நமக்குக் கடனாளியாக்கிவிடுகிறோம். உங்கள் தங்கையின் விஷயத்தில் நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான் என்று கருதுகிறேன்.

அடுத்ததாக, "தொடங்குவது" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மனநல மருத்துவரைச் சந்திப்பது, ஹார்மோன் சிகிச்சை அளிக்கும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் ஆலோசனை பெறுவது, இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது உங்கள் விருப்பப் பெயரால் அழைக்கச் சொல்வது ஆகிய எதற்கும் திருமண மண்டபத்தின் அனுமதி தேவையில்லை. எதையும் பின்னர் மாற்ற இயலாமல் போவதும் இல்லை. நான் இவற்றையும் சேர்த்தே தள்ளிப்போட்டேன். அதுதான் என் பெரிய தவறு.

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஊசி வேறு வகையானது. மாதவிடாய் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் நின்றுவிடும். ஊசியை நிறுத்தினால் பொதுவாகத் திரும்ப வரும். குரல் அப்படியல்ல. முதல் ஓராண்டுக்குள் அது கனக்கத் தொடங்கும். பிறகு மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. தாடி முழுமையாக வளர்வதற்குச் சில ஆண்டுகள் ஆகும், ஆனால் அரும்பிய மயிரும் தானாக மறையாது. வெளியூரில் வேலை பார்ப்பதால் வீட்டுக்குத் தெரியாமலே ஓராண்டைக் கடத்திவிடலாம் என்று நான் எண்ணியிருந்தேன். நான்காம் மாதத்திலேயே அம்மா தொலைபேசியில், "என்னடி, சளி இன்னும் விடலையா?" என்று கேட்டார். அந்தச் சளியை இன்னும் இரண்டு மாதம் நீட்டினேன். ஆகவே ஊசிக்கான நாளைக் குறிக்கும்போதே, வீட்டில் சொல்வதற்கான நாளையும் அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் குறித்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்க வேண்டிய காரணங்களும் உண்டு. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தெரிந்தால் அடிப்பார்கள், அறையில் பூட்டுவார்கள் என்ற அச்சம் இருந்தால், தனி இருப்பிடமும் சில மாதச் செலவுக்குப் பணமும் கையில் இல்லாமல் வீட்டில் சொல்லாதீர்கள். உங்கள் பாலின உணர்வையே "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சொல்லும் மருத்துவரிடம் வீட்டார் அழைத்துச் சென்றால், அத்தகைய சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவில் தடை விதித்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். உயர் இரத்த அழுத்தமோ இரத்தத்தில் சிவப்பணுக்களின் மிகுதியோ இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஏனெனில் டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களை மேலும் கூட்டும். பிற்காலத்தில் கருமுட்டை தேவைப்படலாம் என்ற எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், ஊசிக்கு முன்பே அதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, நானாகவும் கேட்கவில்லை. எந்த நிலையிலும் மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கடனைப் பொறுத்தவரை, அது முடிய எத்தனை ஆண்டுகள் உள்ளன என்று நீங்கள் எழுதவில்லை. பதினைந்து ஆண்டுக் கடனாக இருந்தால் அது காத்திருப்பதற்கான காரணமாகாது. மாதச் செலவில் மருத்துவத்துக்கும் ஒரு தொகை ஒதுக்குவதற்கான காரணம் மட்டுமே. கடன் அடைபடுவது உங்கள் சம்பளத்தால் என்பதால் வேலையைக் காப்பாற்றிக்கொள்வது முக்கியம். என் அலுவலகத்தில் மேலாளரிடம் நானே முன்கூட்டிச் சொன்னது பின்னால் பெரிதும் உதவியது. தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்ற 2014 ஏப்ரல் 15 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும், வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவரிடம் எடுத்துக் காட்டினேன்.

உங்கள் இடத்தில் இன்று நான் இருந்தால், இந்த மாதமே மருத்துவரைப் பார்ப்பேன். தங்கைக்குத் திருமண நாள் குறிக்கப்பட்டு அது ஓராண்டுக்குள் இருந்தால், அவளிடம் சொல்லி, அவளும் விரும்பினால் மட்டும், ஊசியை அதுவரை தள்ளி வைப்பேன். நாள் குறிக்கப்படவில்லை என்றால் தள்ளி வைக்க மாட்டேன். சொல்வதை நேரில் சொல்லுங்கள். நான் என் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன். அவள் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு இரவும் எங்கள் இருவரில் ஒருவரும் உறங்கவில்லை.