பனி இல்லாத ஹகுபாவில் என்ன வேலை?

கேள்வி: ஆகஸ்டில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். டோக்கியோ புழுக்கத்திலிருந்து தப்பிக்க ஹகுபா போங்கள் என்கிறார் ஒரு நண்பர். அது பனிச்சறுக்கு ஊர் ஆயிற்றே, கோடையில் பூட்டிக் கிடக்காதா?

பதில்: ஊர் பாதி பூட்டித்தான் கிடக்கும், மலை திறந்திருக்கும். குளிர்காலத்து வெளிநாட்டுக் கூட்டத்தை நம்பி நடக்கிற பார்கள், சாப்பாட்டுக் கடைகளில் பல கோடையில் கதவைத் திறப்பதே இல்லை. திறந்திருப்பவையும் வாரத்தில் ஓரிரு நாள் லீவு விட்டுவிடும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடைத்தெருவில் உலாவலாம் என்ற எண்ணத்தோடு போனால் ஏமாற்றம்தான்.

ஆனால் 1998 நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் சரிவுப் பந்தயங்கள் நடந்த அதே ஹப்போ மலையில், அதே சரிவுகளுக்கு மேலே, கோடையிலும் கொண்டோலாவும் (கம்பியில் தொங்கி ஏறும் பெட்டி) லிஃப்ட்டும் (கம்பியில் தொங்கி ஏறும் நாற்காலி) ஓடுகின்றன. சறுக்குகிறவர்களுக்குப் பதிலாக நடக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். வேறு இடத்தில் என்றால் மூச்சு வாங்க ஒரு நாள் முழுக்க ஏறவேண்டிய உயரத்தை இங்கே உட்கார்ந்தபடியே அடைந்துவிடலாம். கோடையில் இந்த மாதிரி ஊருக்குப் போவதற்கு என்னைக் கேட்டால் இதுதான் முதல் காரணம், குளிர்ச்சி இரண்டாவது. ஏனென்றால் ஹகுபா கிராமமே சுமார் 700 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் மதியத்தில் அங்கேயும் 30 டிகிரி வரும். ராத்திரிதான் நிம்மதி. குளிர் வேண்டுமென்றால் மலை மேலே போகவேண்டும்: நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும் என்று வைத்துக்கொண்டால், 2,060 மீட்டரில் இருக்கும் ஹப்போ குளத்தருகே கிராமத்தைவிட எட்டு டிகிரி குறைவாக இருக்கும், காற்றடித்தால் இன்னும் சில்லென்று தெரியும்.

கேள்வி: எப்படிப் போவது? ஒரே நாளில் போய்விட்டு டோக்கியோவுக்குத் திரும்ப முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வேண்டாம். ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் டோக்கியோவிலிருந்து நகானோ ஒன்றரை மணி நேரம், நகானோ நிலையத்தின் கிழக்கு வாசலிலிருந்து பஸ்ஸில் இன்னும் ஒன்றேகால் மணி நேரம். கணக்குக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினை நேரம் இல்லை, மேகம். வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று மேலே வந்து, பத்து பதினோரு மணிக்கெல்லாம் சிகரங்களை மூடிவிடும், மதியத்துக்கு மேல் சில நாள் இடியும் உண்டு. டோக்கியோவிலிருந்து கிளம்பி நீங்கள் மேலே போய்ச் சேரும்போது வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதனால் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், இரண்டு காலைகள் கிடைத்தால் ஒன்றாவது தெளிவாக விடிய வாய்ப்பு இருக்கிறது. முதல் கொண்டோலாவிலேயே ஏறிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், ஜப்பான் ரயில் பாஸ் வாங்கியிருந்தால் ஷின்கான்செனுக்குச் செல்லும், அந்தப் பஸ்ஸுக்குச் செல்லாது, அது தனியார் பஸ். பஸ் காசும் கொடுக்கக்கூடாது என்று நினைத்தால் டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து 'அஸுஸா' ரயில் இருக்கிறது. நேராக ஹகுபாவுக்கே வருவது நாளுக்கு ஒன்றுதான், நாலு மணி நேரத்தை ஒட்டி ஆகும். மற்றவற்றில் வந்தால் மட்சுமோட்டோவில் இறங்கி, உள்ளூர் ரயிலில் ஆடி அசைந்து வரவேண்டும். வழியில் ஏரிகள் தெரியும், அவசரம் இல்லாதவர்களுக்கு நல்ல வழி.

ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை வரும். அந்த வாரம் ஜப்பானே பயணத்தில் இருக்கும், அறை வாடகையும் ஏறியிருக்கும். தேதியை முன்னே பின்னே நகர்த்த முடிந்தால் நகர்த்திவிடுங்கள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை மழைக்காலம், அதுவும் மலைக்கு உகந்தது இல்லை.

கேள்வி: அப்பா அம்மா இருவருக்கும் எழுபதுக்கு மேல். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு உயரம் என்றாலே பயம். அவர்களை மேலே கூட்டிப்போக முடியுமா?

பதில்: தாராளமாக. எந்த மலைக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லோரும் முதலில் சொல்வது ஹப்போவைத்தான், உங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம். அங்கே முதல் கட்டம்தான் மூடிய கொண்டோலா. அதற்கு மேல் இரண்டு லிஃப்ட்டுகளும் திறந்த நாற்காலி, கால் அந்தரத்தில் தொங்கும்.

பக்கத்து ஒத்தாரி கிராமத்தில் இருக்கும் ட்சுகாய்கேவுக்குப் போங்கள். கொண்டோலா, அப்புறம் ரோப்வே, இரண்டுமே மூடிய பெட்டிகள். மேலே சுமார் 1,900 மீட்டரில் பெரிய சதுப்பு நிலம், அதன் மேல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். முழுச் சுற்று ஐந்தரை கிலோமீட்டர், உள்ளே போகப் போகப் படிகளும் வரும். அம்மா முன்பக்கத்துச் சமதளத்தோடு நின்றுகொண்டால் போதும், பூக்களில் பாதியும் அங்கேயே இருக்கின்றன. ஜூனில் போகிறவர்களுக்கு வெள்ளை நிற மிஸுபாஷோ பூத்திருக்கும்.

அந்த நடையும் முடியாது என்றால் இவாதாக்கே. 1,289 மீட்டர்தான், கொண்டோலாவை விட்டு இறங்கிச் சில நிமிடத்தில் மலையைப் பார்த்து நீட்டிய மர மேடை, பக்கத்திலேயே காபியும் ரொட்டியும். எதிரே ஹகுபாவின் மூன்று பெரிய சிகரங்களும் வரிசையாக நிற்கும். கொஞ்சம் படம் பிடிப்பதற்காகவே கட்டிய இடம் மாதிரி இருக்கும்தான், ஊஞ்சலுக்கு வரிசை நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும், ஆனாலும் எழுபது வயதில் அந்தக் காட்சியை உட்கார்ந்து பார்க்க இதைவிடச் சுலபமான வழி அங்கே இல்லை.

கேள்வி: ஹப்போ குளத்தில் சிகரங்கள் பிரதிபலிக்கும் படங்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. சாதாரண விளையாட்டு ஷூ போதுமா? பத்து வயதுப் பையன் நடப்பானா?

பதில்: பத்து வயது என்றால் நடப்பான், உங்களைவிட வேகமாகவே. லிஃப்ட் விடுகிற இடம் 1,830 மீட்டர், அங்கிருந்து குளத்துக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். போகும்போது இரண்டு பாதை பிரியும், ஒன்று பலகை போட்டது, மற்றது கல்லும் பாறையுமாக முகட்டோடு போவது. ஷூவின் அடி தேய்ந்திருந்தால் கூடாது, ஏனென்றால் அந்தப் பாறை ஈரமானால் எண்ணெய் தடவியது போல் வழுக்கும்.

அது பாம்புத்தோல் போல் பச்சை ஓடிய சர்பென்டைன் பாறை. மக்னீசியம் அதிகம், செடிக்கு வேண்டிய சத்து குறைவு, பெரிய மரம் வேர்பிடிக்காது. அதனால் இன்னும் பல நூறு மீட்டர் மேலே போனால்தான் பார்க்கக் கிடைக்கிற உயர்மலைப் பூக்கள் இங்கே லிஃப்ட் பக்கத்திலேயே பூக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், குளத்தைத் தாண்டி இன்னும் மேலே போனால், பாறை வகை மாறி, மறுபடி பிர்ச் மரங்கள் வந்துவிடும். மேலே போகப் போக மரம் குறையும் என்று படித்ததெல்லாம் இந்த ஒரு முகட்டில் தலைகீழ்.

குளத்தில் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் காற்று எழும்புவதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும், இதுவும் காலை வேலைதான். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் போகிறவர்கள் குளமே பனிக்கு அடியில் கிடப்பதைப் பார்க்க நேரலாம். குளத்தோடு திரும்பிவிடுங்கள், அதற்கு மேல் 2,696 மீட்டர் கரமட்சு சிகரத்துக்குப் போவது மலையேற்றக்காரர்கள் வேலை. மழைக்கோட்டும் ஒரு கம்பளிச் சட்டையும் பையில் இருக்கட்டும். கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு என்று மேலே போகும்போதே பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் நடந்துதான் இறங்கவேண்டும். போக வர டிக்கெட் ஒருவருக்கு 3,000 யென்னுக்கு மேல் வரும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பதில்: கிட்டத்தட்ட! நகானோ முழுக்க பக்வீட் என்ற தானியத்தில் செய்த நூடுல்ஸான சோபாவுக்குப் பேர்போனது, ஆனால் அதைத் தொட்டுச் சாப்பிடும் சாறு உலர்ந்த மீனில் எடுத்தது. நூடுல்ஸில் மீன் தெரியாது, சாற்றிலும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கடைக்காரரே சைவம் என்று சொல்லிவிடுவார். ஒயாக்கி என்று ஒரு கொழுக்கட்டை கிடைக்கும், உள்ளே பூசணி, கீரை, கத்தரிக்காய் எல்லாம் வைத்திருப்பார்கள், சுவைக்கு என்ன சேர்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். என் யோசனை, சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். கடைகள் சீக்கிரம் மூடுகிற ஊரில் அசைவக்காரர்களுக்கும் அதுதான் வசதி.

கேள்வி: கரடி வருமாமே?

பதில்: காட்டில் இருக்கிறது, ஆசியக் கறுப்புக் கரடி. கூட்டம் நடக்கும் பாதைகளில் பகலில் பயப்பட ஒன்றுமில்லை. ஆளில்லாத காட்டுப் பாதையில், அதுவும் விடியலிலும் அந்தியிலும் தனியாகப் போகாதீர்கள், பையில் மணி கட்டிக்கொள்ளுங்கள், எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள். உங்களை உண்மையில் படுத்தப்போவது ஆற்றோரத்தில் கடிக்கும் புயு என்ற சின்ன ஈ. கடித்த இடம் நாள்கணக்கில் வீங்கி அரிக்கும், முழுக்கால் பேன்ட் போடுங்கள்.

கேள்வி: கோடையில் பனிச்சறுக்கே முடியாதா?

பதில்: ஹகுபாவில் முடியாது. யமகத்தா மாகாணத்தில் கஸ்ஸான் மலை இருக்கிறது, குளிர்காலத்தில் அளவுக்கு மீறிப் பனி விழுவதால் ஏப்ரலில்தான் திறந்து ஜூலை வரை ஓட்டுகிறார்கள். ஆகஸ்டில் அதுவும் இல்லை. ஆனால் ஹகுபாவின் ஒலிம்பிக் பனிச்சறுக்குத் தாவல் மேடைக்குப் போங்கள். 1998-ல் ஜப்பான் அணி தங்கம் வென்ற இடம், லிஃப்ட்டில் உச்சிக்கே போய் வீரர்கள் கிளம்பும் இடத்திலிருந்து கீழே எட்டிப் பார்க்கலாம். பயிற்சி நாளாக அமைந்தால், தண்ணீர் தெளித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வெயிலில் அவர்கள் பறந்து இறங்குவதையும் பார்த்துவிட்டு வரலாம். அப்பாவை மட்டும் கீழேயே நிற்கச் சொல்லுங்கள், மேலே படிகள் கம்பி வலைதான், அடியில் எல்லாம் தெரியும்.