டர்போ காருக்கு எந்த ஹெட் கேஸ்கட்?

கேள்வி: என் புரோட்டோன் வீராவில் டர்போ பொருத்தியுள்ளேன். செம்புக் கேஸ்கட்தான் தாங்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்கிற்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே கசிவை அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். செம்பு அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் தண்ணீர்க் கசிவை அடைப்பதில் தொல்லை தரும் என்பதால், ஜாலான் ஈப்போ நெரிசலில் தினமும் சூடேறி ஆறும் காருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. பல அடுக்கு எஃகுத் தகட்டுக் கேஸ்கட்டே பொருத்தமானது. அதற்கு பிளாக், ஹெட் இரண்டின் முகமும் மிக வழவழப்பாக இருக்க வேண்டும். நகத்தால் வருடும்போது கோடு தட்டுப்பட்டால், மெஷின் ஷாப்பில் சீவிய பிறகே பூட்டுங்கள். கம்ப்ரஷனைக் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவை) குறைக்கத் தடித்த கேஸ்கட்டைப் போடுவது (பட்டறைகளில் சர்வசாதாரணம்!) பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டி, காற்று-பெட்ரோல் கலவை சரியாகக் கலங்காமல் செய்து, நாக்கிங்கை (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சின் தட்டுவதை) வரவழைக்கக்கூடும். கேஸ்கட்டைத் தின்பது பெரும்பாலும் அந்த நாக்கிங்தான். பழைய ஹெட் போல்ட்டுகளுக்குப் பதிலாகப் புதிய ஸ்டட்டுகளை (இருமுனையிலும் மரையுள்ள கம்பிகளை) போட்டு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வரிசையிலும் அளவிலும் முறுக்கச் சொல்லுங்கள்.