பெங்களூரில் வேலைக்குச் சேரும் புரோகிராமர் முதலில் பழக வேண்டிய கன்னடச் சொற்கள் எவை?

சொற்களை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கன்னடத்தில் இருந்த 'ப' பல சொற்களில் 'ஹ' ஆகிவிட்டது. பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து. அதேபோல நம் 'வ' அங்கே 'ப': வா என்பது பா, வேண்டும் என்பது பேக்கு, வேண்டாம் என்பது பேடா. இந்த 'ப'வை ஆங்கில 'பாட்டில்' (bottle) என்பதில் வருவது போல அழுத்திச் சொல்லவும். கோடில் ஒரு சொல்லை மொத்தமாக மாற்றுகிற மாதிரிதான். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனாலும் கைகொடுக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'இல்லி' என்றால் இங்கே, 'இல்லா' என்றால் இல்லை. ஆட்டோவில் 'இல்லே நில்சி' என்றால் இங்கேயே நிறுத்துங்கள். நான் வந்த புதிதில் இதை மறுப்பு என்று நினைத்துக் குழம்பியிருக்கிறேன். 'பன்னி' என்று யாராவது அழைத்தால் கோபப்படாதீர்கள், வாருங்கள் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்.

ஆபீசில் அதிகம் காதில் விழுவது 'ஆய்த்தா?', அதாவது முடிந்ததா? முடிந்திருந்தால் 'ஆய்த்து'. இல்லையென்றால் 'இன்னூ ஆகில்லா'. சரி என்பதற்கும் 'ஆய்த்து'தான். மதியம் 'ஊட்டா ஆய்த்தா?' என்று நீங்களே முதலில் கேளுங்கள். நம் 'சாப்பிட்டாச்சா'வில் இருக்கும் அதே அக்கறை அதில் இருக்கிறது.

அப்புறம், கடையில் 'அர்த லீட்டர் ஹாலு கொடி' என்று தயங்காமல் கேளுங்கள். திணறினால் 'கன்னட ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தே', அதாவது கன்னடம் கொஞ்சம் கொஞ்சம் வரும் என்றால் போதும், கடைக்காரரே மெதுவாகப் பேசுவார்.