பானை உடைத்த படை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகப் பயிற்சி வகுப்பில் ‘பானையை உடை, படகை மூழ்கடி’ என்ற சீன மரபுத்தொடரைச் சொல்லி, கையிலிருக்கும் வேலையை உதறிவிட்டுத் தொழிலில் குதிப்பதுதான் துணிச்சல் என்றார்கள். இது பழைய சீனப் போர்க்கலை நூலை எழுதிய சுன் சூ சொன்னதா? சரியான பொருள் என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சுன் சூவின் நூலிலும் படகெரிப்பும் பானையுடைப்பும் ஒரு வரியில் வருகின்றன. அதற்கும் முன்பே, கி.மு. 624இல் ஜின் நாட்டின்மேல் படையெடுத்த ச்சின் நாட்டுக் கோமகன் மூ, ஆற்றைக் கடந்ததும் படகுகளை எரித்திருக்கிறார். ஆனால் ‘போ ஃபூ சென் ஜோ’ என்ற இந்தத் தொடருக்கு மூலம், சிமா ச்சியென் எழுதிய ‘ஷி ஜி’ வரலாற்றில் சூ நாட்டுத் தளபதி சியாங் யூ பற்றிய அத்தியாயம்தான்.

கி.மு. 207. ச்சின் பேரரசை எதிர்த்து எழுந்த ஜாவ் நாட்டின் அரசன் ஜூலு நகருக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். வெளியே ச்சின் தளபதி வாங் லியின் முற்றுகை. தெற்கே இன்னொரு தளபதி ஜாங் ஹான், இருபுறமும் மதில் எழுப்பிய பாதை வழியாக முற்றுகைப் படைக்குத் தானியம் அனுப்புகிறார். ஜாவுக்கு உதவ வந்த சூ நாட்டுப் படையை அதன் தலைவர் சோங் யி வழியிலேயே 46 நாள் நிறுத்திவைத்தார். ச்சின்னும் ஜாவும் அடித்துக்கொண்டு களைக்கட்டும் என்பது அவர் கணக்கு. மழையிலும் குளிரிலும் வீரர்கள் பட்டினி. சியாங் யூ அவரைக் கொன்று தலைமையை எடுத்துக்கொண்டார்.

எடுத்ததும் படகில் கைவைக்கவில்லை. முதலில் 20,000 பேரை மட்டும் ஆற்றின் அக்கரைக்கு அனுப்பினார். கிடைத்தது சிறு வெற்றி. பிறகுதான் முழுப்படையும் கடந்தது. படகுகளை மூழ்கடித்தார்கள், உலைப்பானையையும் அதன்மேல் வைக்கும் ஆவிப்பானையையும் (நம் இட்லிப்பானை அடுக்கு போல) உடைத்தார்கள், குடில்களைக் கொளுத்தினார்கள். கையில் மூன்று நாள் உணவு. ஒன்பது மோதல்களுக்குப் பின் வாங் லி பிடிபட்டார். உதவிக்கென்று வந்திருந்த வேறு பத்துக்கு மேற்பட்ட படைகள் தங்கள் பாசறை மதில்மேல் நின்று வேடிக்கை பார்த்தன. அதற்கும் ஒரு மரபுத்தொடர் உண்டு!

தானியப் பாதை எப்போது அறுந்தது என்பதில்தான் சூட்சுமம். ஆற்றைக் கடந்த பிறகு என்கிறது சியாங் யூ அத்தியாயம். அதே நூலில் ஜாவ் தரப்புத் தலைவர்களான ஜாங் அர், ச்சென் யூ இருவரைப் பற்றிய அத்தியாயமோ, பாதையைப் பலமுறை துண்டித்து, வாங் லியின் படை சோற்றுக்குத் திண்டாடிய பிறகே முழுப்படை கடந்தது என்கிறது. எனக்கு இரண்டாவதே பொருந்துகிறது. எதிரி பசித்திருந்தால்தான் மூன்று நாள் கணக்கு நிற்கும்.

இன்று சீனர்கள் இதைப் பாராட்டாகவே சொல்கிறார்கள்: முடிவெடுத்தபின் பின்வாங்க வழி வைக்காமல் காரியத்தை முடிப்பது. இருப்பதையெல்லாம் ஒரே ஆட்டத்தில் பணயம் வைப்பதற்கு ‘கூ ஜூ யீ ஜி’ என்று வேறு தொடர் இருக்கிறது. அதில் பழிப்பு தொனிக்கும். உங்கள் பயிற்றுநர் சொன்னது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.