பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உண்மையில் அதிகாரம் இருக்கிறதா, இல்லை கையெழுத்துப் போட மட்டும்தானா?

கேள்வியைப் படித்ததும், நீங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஓர் அம்மாவாக இருப்பீர்கள் என்று தோன்றியது. "உங்க பேரையும் சேர்த்திருக்கோம்மா, இங்க ஒரு கையெழுத்து" என்று பதிவேட்டை நீட்டியிருப்பார்கள். மேலே எழுதியிருப்பதைப் படிக்க நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள். நான் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 2022-ல் குழுத் தலைவராக வந்தவள். அதனால் இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

அதிகாரம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவைப் பாருங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் நம் வேலை. 2022-ல் தமிழ்நாட்டில் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். ஆசிரியரை இடமாற்றம் செய்வதெல்லாம் நம் கையில் இல்லை, அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் இந்த அதிகாரம் தானாக வேலை செய்யாது. தீர்மானமாக எழுதி, அதற்குரிய ஆபீஸுக்கு அனுப்பி, பின்னாலேயே போனால்தான் நடக்கும். எங்கள் பள்ளிக் கழிப்பறைக் கதையைச் சொல்கிறேன்.

பெண் பிள்ளைகள் கழிப்பறையில் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மேலே தொட்டி இருந்தது, தண்ணீர் ஏறாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் மகள் காலையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். கேட்டால், "குடிச்சா போகணும்லம்மா" என்பாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை.

முதல் கூட்டத்திலேயே இதைப் பேசினோம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டால், கட்டடம் ஒன்றியத்துடையது, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால், பள்ளிக்கூட விஷயம் கல்வித் துறைதான் பார்க்கும் என்றார்கள். இதைப் படிக்கும் அரசு ஊழியர்கள் கோபப்பட வேண்டாம். எல்லாரையும் சொல்லவில்லை, எங்களை உட்காரவைத்துப் பேசி வழி சொன்ன ஒரு பொறியாளரும் அதே ஆபீஸில்தான் இருந்தார். "வாய்ல சொன்னா நிக்காதும்மா. குழுத் தீர்மானத்தை கிராம சபையில வைங்க, அதோட நகலைக் கொண்டாங்க" என்றார்.

அப்படித்தான் செய்தோம். எங்கள் வார்டு உறுப்பினர் குழுவிலும் உறுப்பினர். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அவர் எழுந்து எங்கள் தீர்மானத்தை வாசித்தார். அம்மாமார் கூட்டமாக முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஊரே கேட்ட பிறகு அதைத் தள்ளிவைக்க முடியுமா? தண்ணீர் இணைப்பும் மோட்டாரும் ஊராட்சி மூலமாக வந்தன. பள்ளி மானியத்தில் கொஞ்சம் ரிப்பேர் பார்த்தோம். 31 முதல் 100 பிள்ளைகள் வரை இருந்தால் வருடத்துக்கு 25,000 ரூபாய் என்பதுதான் அந்த மானியத்தின் கணக்கு. சுண்ணாம்பு, பல்பு, கரண்ட் பில் போக அதில் எவ்வளவு மிஞ்சும்!

மிச்சம் கதவுகள். அந்தச் சமயத்தில் ஒரு சேவை அமைப்பு வந்து, சுவர் முழுக்கப் படம் வரைந்து தருகிறோம் என்றது. நல்ல மனதோடுதான் வந்தார்கள். நான் கழிப்பறைக்கு அழைத்துப்போய்க் காட்டி, "எங்களுக்குப் படம் வேண்டாங்க, தாழ்ப்பாளோட நாலு கதவு போதும்" என்றேன். கழிப்பறைக்கு நிதி கொடுத்ததாகப் போட்டோ போட முடியாதே என்று தயங்கிப் போய்விட்டார்கள். கடைசியில் இந்தப் பள்ளியிலேயே படித்து இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். உதவுகிறோம் என்று வருபவர்களிடம் பள்ளிக்கு என்ன தேவை என்று சொல்ல வேண்டியது குழுதான். அதற்காகத்தான் வளர்ச்சித் திட்டம் எழுதச் சொல்கிறது சட்டம். பட்டியல் கையில் இருந்தால் யார் வந்தாலும் நீட்டலாம்.

ஒரு பள்ளியை வைத்து எல்லாப் பள்ளிக்கும் பேசுகிறாயே என்று யாராவது வருவார்கள். பேசவில்லை, எங்கள் ஊரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான் எந்தக் கட்சிக்காரியும் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். தலைவர் நான். போன் மட்டும் என் வீட்டுக்காரருக்குத்தான் வரும். "சார், நாளைக்கு மீட்டிங், மேடத்தை அனுப்பிவைங்க" என்பார்கள். பதிவேட்டில் என் நம்பர்தான் இருக்கிறது. கதவு போட்ட அன்று மாலையும் மரியாதையும் அவருக்கே. அவர் பாவம், கூசிப்போய் மாலையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பெண்ணைத் தலைவராக உட்காரவைத்துவிட்டு அவள் புருஷனிடம் பேசுவது எந்த ஊர் நியாயம்? நம் ஊராட்சிகளில் பெண் தலைவர்களுக்கும் இதே கதிதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்தில் போன கூட்டத்துத் தீர்மானங்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எது எந்த ஆபீஸுக்குப் போனது, பதில் வந்ததா என்று கேளுங்கள். தீர்மானங்களைப் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் (போன் ஆப்) ஏற்றுகிறார்களா என்றும் பாருங்கள். படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவசரப்படுத்தினால், "படிச்சிட்டுத் தரேன் சார்" என்று சொன்னால் போதும். யாரும் ஒன்றும் செய்துவிட மாட்டார்கள்.